இறக்கத்தில் பிரேக்: புராஸ்டேட் புற்றுநோயைப் பரவவிடாமல் நிறுத்தும் புரதங்கள்

இன்னைக்கு புராஸ்டேட் புற்றுநோய் பத்திப் பேசப் போறேன். இதைப் பேசணும்னு நான் திட்டம் போட்டு வைக்கலை. கேள்வி எங்க வீட்டுக்குள்ளேயே வந்துருச்சு.

எங்க ஊர் வத்தலக்குண்டு. பெரியப்பா முப்பது வருஷம் லாரி ஓட்டினவர். கொடைக்கானல்ல கேரட், பூண்டு, பேரிக்காய் ஏத்திக்கிட்டு ராத்திரியே மலை இறங்குவார். இப்போ வயசு 71. ராத்திரி நாலஞ்சு தடவை ஒண்ணுக்குப் போக எந்திரிக்கிறார்னு மதுரைக்குக் கூட்டிட்டுப் போனோம். ரத்தத்துல பிஎஸ்ஏ கூடுதலா இருந்தது. பயாப்ஸி எடுத்தாங்க. புற்றுநோய்தான். ஆனா அதுக்கு அடுத்து டாக்டர் சொன்னதைத்தான் வீட்டுல யாராலயும் ஏத்துக்க முடியலை: "கிளீசன் 6. இப்போதைக்கு ஆபரேஷனும் வேண்டாம், கரண்ட்டும் வைக்க வேண்டாம். கண்காணிச்சுக்கிட்டே வருவோம்."

பெரியம்மா அன்னைக்கு ராத்திரி சாப்பிடலை. கேன்சர்னு சொல்லிட்டு சும்மா இருன்னு ஒரு டாக்டர் சொல்வாரா? அவங்க பயத்துக்குக் காரணம் இருக்கு. எங்களுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒருத்தர், இடுப்பு வலி, வாயுப்பிடிப்புன்னு ஒரு வருஷமா தைலம் தேய்ச்சுக்கிட்டு இருந்தார். நடக்க முடியாமப் போனப்போதான் ஸ்கேன் எடுத்தாங்க. புராஸ்டேட்ல ஆரம்பிச்சு முதுகெலும்பு வரைக்கும் பரவியிருந்தது. பெரியம்மாவுக்குத் தெரிஞ்ச புராஸ்டேட் புற்றுநோய் அது ஒண்ணுதான்.

ரெண்டு பேருக்கும் நோயோட பேர் ஒண்ணு. ஒருத்தர் உடம்புல அது எலும்பு வரைக்கும் போயிருச்சு. இன்னொருத்தர் உடம்புல இருந்த இடத்துலயே நிக்குது. எது நிறுத்தி வச்சிருக்கு?

பெரியப்பாவுக்கு லாரியை வச்சுத்தான் சொன்னேன். மலை இறங்கும்போது நியூட்ரல்ல விடக்கூடாது, எந்த கியர்ல ஏறினியோ அதே கியர்ல இறங்குன்னு சொல்லிக் கொடுத்தவரே அவர்தானே. ஒவ்வொரு செல்லுக்குள்ளேயும் பிரேக் மாதிரி வேலை செய்யுற புரதங்கள் இருக்கு. கட்டியை அடக்கும் புரதங்கள்னு அதுக்குப் பேர். புராஸ்டேட்டைப் பொறுத்தவரை முதல்ல சொல்ல வேண்டியது பிடென். 1997-ல ரெண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் தனித்தனியா இதைக் கண்டுபிடிச்சாங்க. பத்தாவது குரோமோசோம்ல இருக்குற மரபணு.

அது செய்யுற வேலை ரொம்ப எளிமையானது. வளரச் சொல்லி வெளியிலிருந்து தகவல் வந்ததும், செல் சவ்வோட உள்பக்கத்துல இருக்குற ஒரு கொழுப்பு மூலக்கூறு மேல ஒரு பாஸ்பேட் ஒட்டிக்கும். ஆக்சிலரேட்டரை மிதிச்ச மாதிரி. உடனே ஏகேடிங்கிற இன்னொரு புரதம் விழிச்சுக்கிட்டு, சாகாதே, பெருகுன்னு உத்தரவு போடும். பிடென் அந்த பாஸ்பேட்டைப் பிடுங்கி எறிஞ்சுரும். அவ்வளவுதான் வேலை. ஆனா அது இல்லாத செல்லுல மிதிச்ச கால் மேலேயே வராது.

அப்போ பிடென் போனா கதை முடிஞ்சதா? இல்லை. இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு சோதனை வருது. 2005-ல நியூயார்க்ல பாண்டோல்ஃபி குழு, எலிகளோட புராஸ்டேட்ல மட்டும் பிடெனை நீக்கிப் பார்த்தாங்க. கட்டி வந்தது, ஆனா மெதுவாத்தான் வளர்ந்தது. நிறைய செல்கள் பெருகாம அப்படியே நின்னுருச்சு. சாகவும் இல்லை, பிரியவும் இல்லை. முதுமையடைஞ்ச செல்கள்னு சொல்வாங்க. நிறுத்தினது பி53. காலுக்குக் கீழ பிரேக் போயிருச்சுன்னு தெரிஞ்சதும் டிரைவர் சட்டுனு கீழ் கியருக்கு மாத்துவாரே, அது மாதிரி. பிடென், பி53 ரெண்டையும் சேர்த்து நீக்கின எலிகள் சில மாசத்துலயே செத்துப்போச்சு.

2011-ல பாஸ்டன்ல டெபின்யோ குழு இதையே இன்னும் தோண்டினாங்க. பிடென் போன கட்டியில ஸ்மேட்4ங்கிற புரதம் வழக்கத்தை விட அதிகமா வேலை செய்யுறதைப் பார்த்தாங்க. அதையும் நீக்கினதும் கட்டி சுத்தியிருக்குற திசுவைத் துளைச்சுக்கிட்டுப் போச்சு. நிணநீர் முடிச்சுக்கும் நுரையீரலுக்கும் பரவிச்சு. அது வரைக்கும் வீட்டுக்குள்ளேயே இருந்த கட்டி.

இதைக் கேட்டுக்கிட்டு இருந்த பெரியப்பா ஒரு கேள்வி கேட்டார். "வண்டி ஓடட்டும்ப்பா. மலையை விட்டு இறங்க விடாம செக்போஸ்ட்ல பிடிக்க முடியாதா?"

முடியும்! அப்படி ஒரு புரதம் நிஜமாவே இருக்கு. 1995-ல ஜின் டாங் டோங், கார்ல் பேரட் இவங்க குழு அதைக் கண்டுபிடிச்சாங்க. பேர் காய்1. நம்ம ஊர் காய் இல்லை, புற்றுநோய் எதிர்ப்புன்னு அர்த்தம் வர்ற சீனச் சொல்லைச் சுருக்கி வச்ச பேர். நுரையீரலுக்கு வேகமாப் பரவுற எலி புராஸ்டேட் புற்றுநோய் செல்களுக்குள்ள இந்த மரபணுவை வச்சாங்க. கட்டி வழக்கம்போல வளர்ந்தது. ஆனா நுரையீரலுக்குப் போனது ரொம்பக் குறைஞ்சுபோச்சு. வளர்ச்சி வேற, பரவுறது வேறன்னு இதை விடத் தெளிவா காட்ட முடியாது.

எப்படித் தடுக்குதுங்கிறதுக்கு 2006-ல ஒரு பதில் வந்தது. காய்1 செல்லோட மேல்பரப்புல உட்கார்ந்திருக்கும். புற்றுநோய் செல் ரத்தக்குழாய்க்குள்ள நுழையும்போது, குழாயோட உள்சுவர்ல இருக்குற டஃபிங்கிற புரதத்தோட காய்1 உரசும். உரசினதும் அந்த செல் பெருகுறதை நிறுத்திரும். ஒரு சின்ன விஷயம், விட மனசில்லை: வைவாக்ஸ் மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள்ள நுழையப் பிடிக்குற கைப்பிடியும் இதே டஃபிதான். மனுஷங்ககிட்ட பரவின புராஸ்டேட் கட்டிகள்ல பெரும்பாலும் காய்1 மரபணு உடைஞ்சிருக்காது. செக்போஸ்ட் அப்படியே இருக்கும், ஆள் டியூட்டிக்கு வந்திருக்க மாட்டார்.

எலிக்கதை போதும், மனுஷங்களுக்கு என்னன்னு கேப்பீங்க. மிச்சிகன் பல்கலைக்கழகத்துல அருள் சின்னையன்னு ஒரு விஞ்ஞானி இருக்கார். பேரைக் கேட்டதும் நம்ம ஆளுன்னு தோணும். புராஸ்டேட் புற்றுநோய் ஆராய்ச்சியில பெரிய பேர். அவரும் மத்தவங்களும் சேர்ந்து, ஹார்மோன் மருந்துக்கும் கட்டுப்படாமப் பரவின நோய் இருந்த 150 பேரோட கட்டிகளைப் படிச்சு 2015-ல வெளியிட்டாங்க. பாதிக்கும் மேல பி53 கெட்டிருந்தது. சுமார் 40 சதவீதத்துல பிடென் கெட்டிருந்தது. அதே வருஷம், சுரப்பிக்குள்ளேயே இருந்த 333 கட்டிகளைப் படிச்ச இன்னொரு ஆய்வும் வந்தது. அங்க பிடென் போனது ஆறுல ஒண்ணு. பி53 பத்துல ஒண்ணு கூட இல்லை. எங்க தெருக்காரருக்கும் பெரியப்பாவுக்கும் என்ன வித்தியாசமா இருக்கலாம்ங்கிறது இந்த எண்கள்ல இருக்கு.

டாக்டர் சும்மா இருக்கச் சொல்லலைன்னு பெரியம்மாவுக்குப் புரிய வைக்க ரெண்டு நாள் ஆச்சு. பிரேக் இன்னும் பிடிக்குதான்னு பிஎஸ்ஏ, எம்ஆர்ஐ, மறுபடி பயாப்ஸின்னு பார்த்துக்கிட்டே இருக்குறதுதான் கண்காணிப்பு. பிரிட்டன்ல 1,643 பேரை மூணாப் பிரிச்சு கண்காணிப்பு, ஆபரேஷன், கதிர்வீச்சுன்னு கொடுத்து 15 வருஷம் பார்த்தாங்க. முடிவு 2023-ல வந்தது. மூணு பிரிவுலயும் இந்த நோயால இறந்தவங்க நூத்துக்கு மூணு பேர் அளவுலதான். ஆனா ஒண்ணை மறைக்கக் கூடாது. கண்காணிப்புல இருந்தவங்கள்ல 9.4 சதவீதம் பேருக்குப் பரவிச்சு. மத்த ரெண்டு பிரிவுலயும் சுமார் 5 சதவீதம். காத்திருக்குறதுக்கும் ஒரு விலை இருக்கு. கிளீசன் 8, 9-னு ரிப்போர்ட் வந்தவங்க இதைக் கேட்டுட்டு நாமளும் காத்திருக்கலாம்னு நினைச்சுராதீங்க. அது வேற நிலைமை.

எங்க வீட்டுல உண்மையான சிக்கல் இதுக்கு அப்புறம்தான் வந்தது. பெரியப்பாவோட தங்கச்சி, எனக்கு அத்தை, மார்பகப் புற்றுநோயில 43 வயசுல போயிட்டாங்க. டாக்டர் இதைக் கேட்டதும் பேனாவைக் கீழ வச்சுட்டார். பிஆர்சிஏ2 பரிசோதனை செய்யலாமான்னு கேட்டார்.

பிஆர்சிஏ2-வும் கட்டியை அடக்கும் புரதம்தான். உடைஞ்ச டிஎன்ஏவைச் சரியா ஒட்டவைக்குற மெக்கானிக். அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணுன்னு ரெண்டு பிரதி நமக்கு வரும். ஒண்ணு பிறக்கும்போதே பழுதா இருந்தா, வாழ்க்கையில இன்னொண்ணு பழுதாக வேண்டியதுதான் பாக்கி. பரவின புராஸ்டேட் புற்றுநோய் உள்ள 692 ஆண்களை 2016-ல பரிசோதிச்சப்போ, சுமார் 12 சதவீதம் பேருக்கு டிஎன்ஏவைப் பழுதுபார்க்குற மரபணுக்கள்ல பிறவியிலேயே கோளாறு இருந்தது. அதுல அதிகம் பிஆர்சிஏ2. அப்படி இருக்குறவங்களுக்கு நோய் வேகமா மாற வாய்ப்பு கூடுதல். பெரியப்பாவுக்கு அது இருந்தா காத்திருக்குற முடிவையே மறுபடி யோசிக்கணும். அவர் பிள்ளைகளுக்கும், அத்தை பொண்ணுக்கும் கூட அது வந்திருக்கலாம். பெண்களுக்கு அது மார்பகம், சினைப்பை.

பெரியப்பா முடியாதுன்னுட்டார். பேத்திக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டு இருக்கோம், இப்போ போய் குடும்ப ரத்தத்துல கோளாறுன்னு ஒரு பேப்பர் எதுக்குன்னார். எனக்குக் கோபம் வந்தது. ஆனா ஊருக்குள்ள பேச்சு எப்படிப் போகும்னு எனக்கும் தெரியும். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

பேத்திதான் பேசினா. நர்சிங் படிக்குற பொண்ணு. "தாத்தா, பிரேக் இருக்கா இல்லையான்னு தெரியாம என்னை வண்டியில ஏத்தி அனுப்புவீங்களா?"ன்னு ஒரே ஒரு தடவை கேட்டா. அவர் ஒண்ணும் சொல்லலை. திண்ணையில ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

போன வெள்ளிக்கிழமை மதுரைக்குப் போய் ரத்தம் கொடுத்துட்டு வந்தார். ரிப்போர்ட் இன்னும் வரலை.