ஒரு படி, பல கேள்வியர்



நான் இப்பொழுது பேசுவதைப் பத்துப்பேர் கேட்பினும் பதினாயிரம்பேர் கேட்பினும் வானொலி நிலையத்துக்கு உழைப்பு ஒன்றே. கணிப்பொறி வலையின் இயல்பு வேறு. அங்கே செய்தி சிறு பொதிகளாகி, முகவரிக்குரிய ஒருவரை நாடிக் கம்பி வழியே செல்கிறது. ஆயிரம்பேர் ஒரே உரையைக் கேட்க விரும்பினால், அதே பொதி ஒரே கம்பியில் ஆயிரம் முறை செல்ல நேரும். இது வீண் செலவன்றோ?

இதனை நீக்க, அமெரிக்க நாட்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டீரிங் என்பார் வகுத்த முறை 1989ஆம் ஆண்டில் இணைய விதியாக வெளியாயிற்று. தனியாளுக்கன்றிக் குழுவுக்கு முகவரி தருவது அது. அனுப்புவோர் ஒரு படியே விடுப்பர். பாதை பிரியுமிடத்தில் உள்ள திசைவிப் பொறி வேண்டிய படிகளை எடுத்துக்கொள்ளும். மாவட்டத் தலைநகரிலிருந்து ஒரு சுற்றறிக்கை வர, வட்டத்தில் ஊருக்கொரு படி எடுப்பதைத் தலைமையாசிரியனாக இருந்தபோது நான் கண்டதுண்டு. அத்தகையதே இது.

எக்கிளையில் கேட்போர் உளர் என்பதைத் திசைவி அறிவது எங்ஙனம்? இருவழிகள் உள. எங்கும் அனுப்பிவிட்டு, ‘வேண்டா’ என்னும் கிளைகளை வெட்டுவது ஒன்று. பொதி சுற்றிச் சுற்றி வாராதிருக்க, 1978இல் தலாலும் மெட்காஃபும் வெளியிட்ட உத்தி இதற்கு உதவுகிறது. அனுப்பியவரை அடையத் தான் மேற்கொள்ளும் பாதையிலிருந்து வந்த பொதியை மட்டுமே திசைவி ஏற்கும், பிறவற்றைத் தள்ளிவிடும். கேட்போர் நெருங்கியுள்ள இடத்துக்கு இவ்வழி ஏற்றது. அவர்கள் அங்கொருவர் இங்கொருவராக இருப்பின் மற்றதே நன்று. பொதுவான கூடுமிடம் ஒன்றை நிறுவினால், விரும்புவோர் அதனை நோக்கி விண்ணப்பம் விடுப்பர். விண்ணப்பம் சென்ற தடத்திலேயே கிளை வளரும். ஆயினும் பொதி சுற்றுவழியிற் செல்ல நேரலாம்.

1992 மார்ச்சில் சான் டியாகோ நகரில் இணையப் பொறியாளர் கூடிப் பேசியதை, இம்முறையால் மூன்று கண்டங்களில் 20 இடங்களிலிருந்தோர் உடனுக்குடன் கேட்டனர்.

இத்துணைச் சிறப்பிருந்தும் பொது இணையத்தில் இது பரவவில்லை. பாதையிலுள்ள திசைவி ஒவ்வொன்றும் ஒவ்வொரு குழுவையும் நினைவில் வைத்தாக வேண்டும். குழுக்கள் பெருகினால் சுமையும் பெருகும். பல நிறுவனங்களின் வலைகளைக் கடக்கையில் அச்சுமைக்குக் கூலி கொடுப்பார் யார் என்ற வினாவும் எழுந்தது. ஆகவே, ஒரே நிருவாகத்துக்கு உட்பட்ட வலைகளிலேயே, தொலைக்காட்சி வழங்கவும் பங்குச்சந்தை விலைகளை அறிவிக்கவும் இது சிறப்பாகப் பயன்படுகிறது.

அனுப்புவோருக்குக் கிடைத்த சிக்கனம் இடைநிற்போருக்குச் சுமையாயிற்று. புதுமுறை வகுக்கும் இளைஞர்கள், செலவு எவ்வளவு குறைந்தது என்று கணக்கிடுவதோடு, அது யார் தலைக்கு மாறியது என்றும் கேட்பார்களாக.