பிடித்த காசும் கொடுத்த அட்டையும்

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "டாக்டர், சர்க்கரை, பிரஷர்னு ஏதாச்சும் நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க. அரசியல் மட்டும் வேண்டாமுங்க" என்றார். சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேசலாம்தான். ஆனால் அந்த மாத்திரை யாருக்கு இலவசமாகக் கிடைக்கிறது, யார் காசு கொடுத்து வாங்குகிறார் என்று கேட்டால் அது அரசியல் ஆகிவிடுகிறதே! அரசு மருத்துவராகவே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கேள்வியை விட்டுவிட்டு என்னால் பேச முடியாது. செயலாளர் மன்னிக்க வேண்டும்.

மருத்துவக் காப்பீடு என்றவுடன் நம் மாணவர்கள் 2009-ஐ நினைக்கிறார்கள். கோவைக்கு அது வந்தது 1955-ல். ஈ.எஸ்.ஐ. சட்டம் 1948-ல் நிறைவேறியது. 1952-ல் கான்பூரிலும் டில்லியிலும் திட்டம் தொடங்கியது. அன்றைய சென்னை ராஜ்யத்தில் அது முதலில் நுழைந்த ஊர் சென்னைப் பட்டணம் அல்ல, நம் கோயமுத்தூர்தான். 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் வரிசையாக மில்கள் எழுந்தன. அத்தனை தொழிலாளர்கள் ஒரே ஊரில் இருந்ததால்தான் அந்த வாய்ப்பு நமக்குக் கிடைத்தது.

என் தகப்பனார் மில் தொழிலாளி. காய்ச்சல் என்றால் எங்களை டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போவார். அங்கே கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும், கம்பவுண்டர் சிடுசிடுப்பார். அப்பா சும்மா இருக்கமாட்டார். "எஞ்சம்பளத்துல மாசாமாசம் புடிக்கறாங்கல்ல, கேக்காம உடுவனா?" என்பார். யூனியன் கூட்டத்திலும் மருந்து இல்லை, டாக்டர் வரவில்லை என்று தீர்மானம் போடுவார்கள். ஈ.எஸ்.ஐ.யில் குறைகள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஆனால் கேட்பது தன் உரிமை என்பதில் அந்தத் தொழிலாளிக்குச் சந்தேகமே இருந்ததில்லை. நான் சொல்லவந்த விஷயமும் இதுதான்.

இப்போது அட்டைக்கு வருவோம். 2007-ல் ஆந்திராவில் ராஜசேகர ரெட்டி ஆரோக்கியஸ்ரீ திட்டத்தைக் கொண்டுவந்தார். 2009 ஜூலையில் தமிழ்நாட்டில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஒரு கோடிக் குடும்பங்களுக்குப் பிரீமியத்தை அரசே கட்டியது. இருதய ஆபரேஷன் என்றால் தோட்டத்தை அடமானம் வைப்பது என்றிருந்த நம் ஊரில் அது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நான் நேரில் பார்த்தவன். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

அன்றே எதிர்ப்பும் எழுந்தது. பொதுப்பணம் தனியார் ஆஸ்பத்திரிக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் போகிறது, அந்தப் பணத்தில் அரசு ஆஸ்பத்திரியைப் பலப்படுத்தக் கூடாதா என்று இடதுசாரிகளும் மருத்துவத் துறையில் பலரும் கேட்டார்கள். அ.தி.மு.க.வும் குறை சொன்னது. 2011-ல் ஆட்சி மாறியதும் பழைய திட்டம் நின்றது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று வேறு பெயரில் வந்தது. கம்பெனி மாறியது. பெயரை மட்டும்தான் மாற்றினார்கள் என்று கேலி பேசியவர்களும் உண்டு. ஆனால் உள்ளே நல்ல மாற்றங்கள் இருந்தன. நான்கு ஆண்டுக்குச் சேர்த்து ஒரு லட்சம் என்றிருந்தது, ஆண்டுக்கு ஒரு லட்சம் என்றாயிற்று. அரசு ஆஸ்பத்திரிகளும் இதில் சேர்ந்து, செய்த சிகிச்சைக்குத் தொகை பெற்றன. நம் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துப் பெரியாஸ்பத்திரியும் அட்டைக்காரருக்கு ஆபரேஷன் செய்து, அந்தப் பணத்தில் கருவி வாங்கலாம் என்ற நிலை வந்தது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் வந்து சேர்ந்தபின் உச்சவரம்பு 5 லட்சம் ஆயிற்று. வருமான வரம்பும் 72,000-லிருந்து 1,20,000-க்கு உயர்ந்தது. இவ்வளவும் குறை சொன்னவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் வந்திருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

அட்டை எதற்குப் பயன்படாது என்பதையும் சொல்ல வேண்டும். காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்க்க, மாதாமாதம் பிரஷர் மாத்திரை வாங்க அது உதவாது. பொதுவாகப் பெட்டில் படுத்தால்தான் அட்டைக்கு வேலை. நம் வீடுகளில் பணம் கரைவதோ பெரும்பாலும் மருந்துக் கடையிலும் ஸ்கேன் சென்டரிலும்தான். இந்த ஓட்டையை அடைப்பது காப்பீடு அல்ல, அரசின் மருந்து விநியோகம். 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஏற்பட்டது. எல்லா ஆஸ்பத்திரிக்கும் மொத்தமாக டெண்டர் வைத்து, தரம் சோதித்து, கிடங்கிலிருந்து மருந்து அனுப்புகிற ஏற்பாடு அது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் போய் இதே மாதிரி செய்தன. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அந்த மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. கழகம் ஒரு கட்சி ஆட்சியில் வந்தது, வாசலுக்குப் போனது இன்னொரு கட்சி ஆட்சியில். நோயாளிக்கு இதில் என்ன பேதம்? வீடு வீடாக நடக்கும் பெண்களுக்குச் சம்பளம் என்று இல்லாமல் ஊக்கத்தொகைதான் என்பதை அவர்களே கேட்டுப் போராடியிருக்கிறார்கள். அதுவும் கேட்கப்பட வேண்டிய கேள்விதான்.

ஓ.பி.யில் உட்கார்ந்திருந்த காலத்தில் நான் ஒரு வித்தியாசத்தைக் கவனித்தேன். ஈ.எஸ்.ஐ. தொழிலாளி கேள்வி கேட்பார். அட்டை கொண்டுவருபவர் கும்பிடு போடுவார். "ஸ்கேனுக்குத் தனியா பணம் கேட்டாங்களா?" என்று விசாரித்தால், "போகுதுங்க டாக்டர், அவிய குடுத்த அட்டையில ஆபரேசன் நடந்துச்சே, அதுவே பெருசுங்க" என்பார். அவிய என்றால் யார்? அட்டையில் பெயர் இருப்பவர். நாம் கடையில் சோப்பு வாங்கினாலும் டீசல் போட்டாலும் கட்டுகிற வரியில் போன பிரீமியம் அது என்பது அவருக்குத் தோன்றவில்லை. என் தகப்பனாரின் சம்பளச் சீட்டில் பிடித்தம் கண்ணுக்குத் தெரிந்தது, வரியில் பிடிப்பது தெரிவதில்லை. திட்டத்துக்குத் தலைவர் பெயர் வைத்துவிட்டதால், அதில் ஒரு குறை சொன்னாலும் "நீங்க அந்தக் கட்சியா?" என்ற கேள்வி உடனே வந்துவிடுகிறது. இரண்டு ஆட்சியிலும் என்னை இப்படிக் கேட்டிருக்கிறார்கள். ஒரே ஆள் இரண்டு கட்சியாகவும் இருக்க முடியும் என்பதற்கு நானே சாட்சி!

துறைக்குள்ளிருந்து கேட்டவர்கள் பாடு இன்னும் மோசம். 2019 அக்டோபர் 25 முதல் நவம்பர் 1 வரை அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மத்திய அரசு டாக்டர்களுக்கு இணையான சம்பளம், நோயாளி எண்ணிக்கைக்கு ஏற்ப டாக்டர் பணியிடம், மேற்படிப்பில் அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு 50 சதவீத இடம் என்பவை கோரிக்கைகள். முதலமைச்சர் நம் பக்கத்து எடப்பாடிக்காரர். பணி முறிவு என்று அரசு எச்சரித்தது, பலரை இடமாற்றம் செய்தது. 2020-ல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த இடமாற்ற உத்தரவுகளை ரத்து செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் உச்சநீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, பணியில் உள்ள டாக்டர்களுக்கு மேற்படிப்பில் இடம் ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. வேலைநிறுத்தத்தின்போது ஆதரவுக் குரல் கொடுத்த எதிர்க்கட்சி 2021-ல் ஆட்சிக்கு வந்தது. அப்புறமும் சம்பளக் கோரிக்கைக்காகச் சங்கங்கள் தெருவுக்கு வர வேண்டியிருந்தது. நாற்காலி மாறினால் காதும் மாறிவிடும் போலிருக்கிறது.

மேற்படிப்பு இடத்தைச் சுயநலம் என்று சிலர் நினைப்பதுண்டு. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில வருஷம் இருந்தால் மேற்படிப்பு கிடைக்கும் என்பதால்தான் இளம் டாக்டர்கள் அங்கே போனார்கள். படித்து முடித்தவர்கள் மயக்க மருந்து நிபுணராக, பிரசவ டாக்டராகத் தாலுகா ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார்கள். ராத்திரி 2 மணிக்கு தாராபுரத்திலோ சத்தியமங்கலத்திலோ சிசேரியன் நடக்கிறதென்றால் அதற்குப் பின்னால் இந்த ஏற்பாடு இருக்கிறது.

அதற்காக டாக்டர்கள் எதிர்ப்பதெல்லாம் நியாயம் என்று நான் சொல்லவில்லை. 1948-ல் இங்கிலாந்தில் தேசிய சுகாதாரப் பணியை அந்நாட்டு மருத்துவர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. பத்தில் ஒன்பது பங்கு டாக்டர்கள் எதிராக வாக்களித்தார்கள். இன்று அதைத் தொட்டால் மக்கள் சண்டைக்கு வருவார்கள். 1962-ல் கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் அரசு மருத்துவக் காப்பீடு வந்தபோது டாக்டர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சில ஆண்டுகளில் அந்தத் திட்டம் நாட்டுக்கே மாதிரி ஆனது. நம் நாட்டில் 2023 மார்ச்சில் ராஜஸ்தான் அரசு சுகாதார உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. அவசர சிகிச்சைக்கு முன்பணம் கேட்கக்கூடாது என்றது. அந்தச் செலவை யார், எப்போது திருப்பித் தருவார் என்று தெளிவில்லை என்று தனியார் டாக்டர்கள் ஆஸ்பத்திரிகளை மூடினார்கள். ஏப்ரல் 4-ல் உடன்பாடு வந்தபோது 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு விலக்குக் கிடைத்தது. செலவை யார் தருவது என்ற கேள்வி நியாயமானது. ஆனால் விலக்கு வாங்கிக்கொண்டதோடு அந்தக் கேள்வியும் அடங்கிப்போனது எனக்கு உறுத்துகிறது. எதிர்ப்பவர் நோயாளிக்காகக் கேட்கிறாரா, தனக்காகக் கேட்கிறாரா என்பதைப் பார்த்துத்தான் எடைபோட வேண்டும்.

கடைசியாக ஒரு விஷயம். இந்த மண்டபத்தில் தறி ஓட்டுபவர்கள், நிட்டிங் யூனிட், பட்டறை வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். சோமனூர், பல்லடம் பக்கம் கூலித் தறிகளில் ஏழெட்டுப் பேர்தான் வேலை செய்கிறார்கள். பத்துப் பேர் இல்லாததால் ஈ.எஸ்.ஐ. கிடையாது. அவர்களிடம் இருப்பது அட்டை மட்டும்தான். படுத்தால் ஆபரேஷன் உண்டு, படுத்த நாளுக்குக் கூலி இல்லை. 2020-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, முதலாளியும் பெரும்பாலான தொழிலாளர்களும் சம்மதித்தால் சின்ன இடங்களும் தாமாகவே சேரலாம் என்று வழி வைத்திருக்கிறது. 2019-ல் குறைத்த விகிதப்படி கணக்குப் பார்த்தால், மாதம் 15,000 ரூபாய் சம்பளக்காரருக்கு அவர் பங்கு 112 ரூபாய் 50 காசு, உங்கள் பங்கு 487 ரூபாய் 50 காசு.

"அப்புறம் தொழிலாளி வந்து கேள்வி கேப்பானே டாக்டர்" என்று முன்வரிசையில் ஒரு நண்பர் சிரிக்கிறார். கேட்கட்டுமே! சாப்பாட்டுப் பந்தியில் நான் உங்கள் பக்கத்தில்தான் உட்காரப் போகிறேன், அங்கே பேசலாம்.