பிரதிநிதி என்னும் பெருமை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா என்றால் இலக்கியம் பேசுவதும், இசை கேட்பதும், நாடகம் காண்பதும் நம் வழக்கம். இவ்வாண்டு சிறு மாறுதலாக, விளையாட்டைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயற்குழுவினர் என்னைப் பணித்திருக்கிறார்கள். நான் புலவன் அல்லன். மெட்ரிகுலேஷன் வரை படித்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவன். மாலை வேளைகளில் மைதானத்தோரம் நின்று ஆட்டம் பார்க்கும் பழக்கம் உண்டு. அப்பழக்கம் தந்த துணிவிலேயே தங்கள்முன் நிற்கிறேன்.

ஊருக்காகவும் மாநிலத்துக்காகவும் நாட்டுக்காகவும் ஆடும் அணிக்கு ஆட்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி? அத்தேர்வினால் வரும் பெருமை யாருக்கு உரியது? இவையே நான் எடுத்துக்கொண்ட பொருள். இது ஏதோ பெரிய மனிதர்களின் விவகாரம், நமக்கென்ன என்று எண்ணிவிடலாகாது. தாராவியிலும் செம்பூரிலும் நம்மவர் பலர், "நாம் வெளியூர்க்காரர்கள், நம் பிள்ளையை இங்கே யார் எடுக்கப் போகிறார்கள்?" என்று சொல்ல நான் கேட்டிருக்கிறேன். நன்றாக ஆடும் பையனைத் தேர்வுக்கு அனுப்பாமலே நிறுத்திவிடுகிறார்கள். களத்தில் இறங்கித் தோற்பது தோல்வி அன்று. இறங்காமலே தோற்பதுதான் தோல்வி. அவ்வெண்ணம் சரிதானா என்பதை ஆராய்வதே என் நோக்கம்.

ஒரு கழகத்துக்காக ஆடுபவன் அக்கழகத்துக்குப் பேர் தேடித் தருகிறான். ஆனால் நாட்டுக்காகவோ மாநிலத்துக்காகவோ ஆடுபவன் பிரதிநிதி. அவன் அணியும் சட்டையை அவனைக் காணாத கோடானுகோடி மக்களும் அவனுடன் சேர்ந்து அணிகிறார்கள். ஆகவே அவனைத் தேர்ந்தெடுப்பவர்கள் நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்தவர்கள் ஆவார்கள். நடுவு நிலைமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார் அன்றோ? அதைப் படிக்க வேண்டியவர்களில் தேர்வுக் குழுவினர் முதல்வர்கள்.

கடல் கடந்த ஒரு விளையாட்டிலிருந்து தொடங்குகிறேன். ரக்பி லீக் என்று ஓர் ஆட்டம். அணிக்குப் பதின்மூவர், முட்டை வடிவப் பந்து, முட்டி மோதி, மடக்கிப் பிடித்து ஆடுவது. நம் சடுகுடுவுக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். அதன் பிறப்பே ஒரு தொழிலாளர் கதை. வட இங்கிலாந்தில் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள், ஆட்டத்துக்காக வேலையை விட்டு வரும் நாளுக்குரிய கூலியை ஈடு செய்யுங்கள் என்று கேட்டார்கள். மேலிடம் மறுத்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் வடநாட்டுக் கழகங்கள் கூடித் தனியே பிரிந்தன. ஆடப் போனால் அன்றைய கூலி போகும் என்ற துன்பம் தாராவிக்கு மட்டும் உரியது அன்று என்பதை இதனால் அறிகிறோம்.

அவ்வாட்டம் ஆஸ்திரேலியாவில் வேரூன்றியது. அங்கே நியூ சவுத் வேல்ஸ், குவீன்ஸ்லாந்து என்னும் இரு மாநிலங்களுக்கிடையே ஆண்டுதோறும் போட்டி நடக்கும். எந்த மாநிலத்துக் கழகத்தில் ஆடுகிறானோ அந்த மாநிலத்துக்கே ஒருவன் ஆட வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. சிட்னிக் கழகங்களிடம் பணம் மிகுதி. ஆகவே குவீன்ஸ்லாந்தின் நல்ல பிள்ளைகள் பிழைப்புக்காகச் சிட்னிக்குச் சென்று, பிறந்த மண்ணை எதிர்த்தே ஆடும்படி ஆயிற்று. 1980 ஜூலை 8 அன்று பிரிஸ்பேன் நகரில் புதிய ஏற்பாடு ஒன்றைச் சோதித்துப் பார்த்தார்கள். யார் எங்கே சம்பளம் வாங்கினாலும் சரி, ஆட்டத்தைத் தொடங்கிய மண்ணுக்கே ஆடட்டும் என்றார்கள். ரோமா என்ற ஊரில் பிறந்தவரும், முன்பு நியூ சவுத் வேல்ஸுக்காக ஆடியவருமான ஆர்தர் பீட்சன், தமது முப்பத்தைந்தாம் வயதில் குவீன்ஸ்லாந்து அணிக்குத் தலைமை தாங்கினார். அவர் அந்நாட்டின் பழங்குடி மரபினர். குவீன்ஸ்லாந்து 20க்கு 10 என்று வென்றது. அன்று தொடங்கிய போட்டி இன்றும் அந்நாட்டின் பெருவிழாவாக நடந்து வருகிறது. பின்னாளில் விதியைச் செம்மைப்படுத்தி, பதின்மூன்று வயதுக்குமுன் ஒருவன் எங்கே வாழ்ந்தான் என்பதைப் பார்க்கலானார்கள்.

இவ்விதியைச் சற்றே நம் தெருவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். தாராவியில் பிறந்து, சந்துக்குள் டென்னிஸ் பந்தால் ஆடிப் பழகி, பதின்மூன்று வயதைத் தாண்டிய தமிழ்ப் பையன் எந்த மண்ணுக்குரியவன்? பாட்டனார் ஊர் திருநெல்வேலியாக இருக்கலாம். பந்தெறியக் கற்றது இம்மண். அவன் மும்பையின் பிள்ளை. மும்பைக்காக ஆட அவனுக்குள்ள உரிமை எவருக்கும் குறைந்தது அன்று. அதனால் அவன் தமிழ் குன்றிவிடாது.

"உரிமை இருக்கலாம், கொடுப்பார்களா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடையாக இந்நகரத்தின் வரலாற்றிலிருந்தே ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன்.

பால்வங்கர் பாலு என்பவர் 1876 ஆம் ஆண்டு தார்வாரில் பிறந்தார். தோல் தொழிலைக் குலத்தொழிலாகக் கொண்ட, தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான குடும்பம். தாராவிக்கு முதன்முதலில் வந்த நம் முன்னோரில் பலர் தோல் பதனிடும் தொழிலுக்காக வந்தவர்களே என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். பூனாவில் ஐரோப்பியர் கழகத்தின் மைதானத்தில் மாதம் நான்கு ரூபாய்ச் சம்பளத்துக்குப் பாலு வேலை பார்த்தார். துரைமார்கள் பயிற்சி செய்ய அவர் பந்து வீச வேண்டும். அப்படி வீசி வீசியே, இடக்கைச் சுழற்பந்தில் இணையற்ற திறம் பெற்றார்.

பூனா இந்துக்கள் துரைமாரை வெல்ல விரும்பினார்கள்; பாலுவை அணியில் சேர்த்தார்கள். ஆயினும் களத்தில் அவர் கை தொட்ட பந்தைத் தாமும் தொட்டவர்கள், இடைவேளையில் அவருக்குக் கூடாரத்துக்கு வெளியே மண் குவளையில் தேநீர் கொடுத்தார்கள். உணவுக்குத் தனி மேசை போட்டார்கள். விக்கெட்டை ஏற்றுக்கொண்டார்கள், எடுத்த மனிதனை ஏற்றுக்கொள்ளவில்லை.

பிளேக் நோய் பரவிய 1896 ஆம் ஆண்டில் அவர் பம்பாய்க்கு வந்து சேர்ந்தார். ஆம், அவரும் பிழைக்க வந்தவரே. இரயில்வேயில் வேலை பார்த்து, அதன் அணிக்கும் ஆடினார் என்பதைச் சொல்லும்போது எனக்குச் சற்றுப் பெருமை உண்டாகிறது, பொறுத்தருள்க. இந்து ஜிம்கானா அவரைச் சேர்த்துக்கொண்டது. 1906 ஆம் ஆண்டு, இந்தியரை உறுப்பினராக ஏற்காத பம்பாய் ஜிம்கானா மைதானத்தில், இந்துக்கள் ஐரோப்பியரை 109 ரன் வித்தியாசத்தில் வென்றார்கள். அவ்வெற்றியில் பாலுவின் பந்துவீச்சுக்குப் பெரும் பங்கு உண்டு. 1911 இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் அகில இந்திய அணி இங்கிலாந்து சென்றபோது, பாலு 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். விக்கெட் ஒன்றுக்கு அவர் கொடுத்தது 19 ரன்னுக்கும் குறைவு.

இத்தகையவருக்கு இந்துக்கள் அணியின் தலைமைப் பதவி கிடைத்ததா? இல்லை. ஆண்டுகள் ஓடின, தலைவர்கள் மாறினார்கள், பாலு தலைவராக்கப்படவில்லை. 1913 இல் தலைவராக இருந்த எம்.டி. பை என்பவரே, இப்பெருமை மூத்தவரான பாலுவுக்கு உரியது என்று வெளிப்படையாகச் சொன்னார். அதற்கும் பயன் இல்லை.

1920 ஆம் ஆண்டு பாலு அணியிலிருந்தே விலக்கப்பட்டார். அப்பொழுது அவர் தம்பியர் விட்டலும் சிவராமும் என்ன செய்தார்கள்? தங்களுக்கு இடம் கிடைத்திருந்தும் ஆட மறுத்து விலகினார்கள். காரணத்தைப் பொதுமக்கள் முன் வைத்தார்கள். ஊர் கேட்டது. தேர்வாளர் இறங்கி வந்தார்கள். பாலு துணைத் தலைவராகத் திரும்பினார். தலைவர் களத்தை விட்டு வெளியேறிய நேரத்தில் அணியை நடத்தவும் செய்தார். 1923 இல் தம்பி விட்டல் அணித் தலைவரானார். அவ்வாண்டு கோப்பையும் இந்துக்களுக்கே. அண்ணனுக்கு முழுமையாகத் திறவாத கதவு தம்பிக்குத் திறந்தது. திறந்தது எது? ஆட்டத் திறமை மட்டும் அன்று. அநீதியைக் கண்டபோது பேசிய துணிவும், அதைக் காது கொடுத்துக் கேட்ட ஊரும் சேர்ந்தே திறந்தன.

தேர்வு எப்போதும் நீதியாகவே நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. சாதியோ இனமோ குறுக்கிடாத இடத்திலும் திறமை வெளியே நிற்பது உண்டு. 1972–73 ஆம் ஆண்டு ரஞ்சி இறுதி ஆட்டம் சேப்பாக்கத்தில் நடந்தது. பம்பாயின் பத்மாகர் சிவால்கர், நம் தமிழ்நாட்டு அணியை முதல் இன்னிங்ஸில் 16 ரன் கொடுத்து எட்டுப் பேரையும், இரண்டாவதில் 18 ரன் கொடுத்து ஐந்து பேரையும் வீழ்த்திச் சுருட்டினார். முதல்தர ஆட்டங்களில் மொத்தம் 589 விக்கெட்டுகள் எடுத்தார். ஆயினும் ஒரு டெஸ்ட் ஆட்டமும் அவருக்கு வாய்க்கவில்லை. அதே இடக்கைச் சுழலில் பிஷன் சிங் பேடி அந்த ஓர் இடத்தில் வீற்றிருந்தார். 2017 இல் கிரிக்கெட் வாரியம் வாழ்நாள் சாதனை விருதளித்து அவரைச் சிறப்பித்தது. இடம் ஒன்று, தகுதியுடையோர் இருவர் என்றால் ஒருவர் வெளியே நிற்கத்தான் வேண்டும். இது துரதிர்ஷ்டம், பாலுவுக்கு நேர்ந்தது அநீதி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, இடம் கிடைக்காதபோதெல்லாம் அநீதி என்று கூவுவது நமக்கு அழகன்று.

இனி நம்மவர்களைப் பார்ப்போம். மித்தாலி ராஜ் யார்? ஜோத்பூரில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். விமானப்படையில் பணி செய்தவரின் மகள். பதினான்கு வயதில், 1997 உலகக் கோப்பைக்கான உத்தேசப் பட்டியலில் பேர் இருந்தும் இறுதி அணியில் இடம் கிடைக்கவில்லை. சோர்ந்தாரா? 1999 இல் அயர்லாந்துக்கு எதிரான தம் முதல் ஆட்டத்திலேயே ஆட்டமிழக்காமல் 114 ரன் குவித்தார். 2002 இல் இங்கிலாந்தில் டெஸ்ட் ஆட்டமொன்றில் 214. 2005, 2017 ஆகிய இரு ஆண்டுகளிலும் இந்தியாவை உலகக் கோப்பை இறுதி ஆட்டம் வரை நடத்திச் சென்றார். உள்நாட்டில் நெடுங்காலம் அவர் ஆடியது இரயில்வேக்காக. ஆடுபவருக்கு வேலையும் தந்து ஆடவும் விடும் இந்த ஏற்பாடு, 1895 இல் ஹடர்ஸ்ஃபீல்டுத் தொழிலாளர் கேட்ட கேள்விக்கு நம் நாடு கண்ட ஒரு விடை.

செம்பூரில் பிறந்து, மாதுங்கா தான் பாஸ்கோ பள்ளியில் படித்த ஸ்ரேயஸ் ஐயரைத் தாங்கள் அறிவீர்கள். தந்தை வழியில் தமிழ், ஆடியது மும்பைக்கு. 2015–16 ரஞ்சிப் பருவத்தில் 1,321 ரன் எடுத்தார். 2021 இல் கான்பூரில் தம் முதல் டெஸ்டிலேயே சதம் அடித்தார். 2024 பிப்ரவரியில் வாரியத்தின் ஒப்பந்தப் பட்டியலில் அவர் பேர் இல்லை. அடுத்த மாதமே ரஞ்சி இறுதி ஆட்டத்தில் மும்பைக்காக 95 ரன் எடுத்தார். 2025 சாம்பியன்ஸ் கோப்பையில் இந்தியர்களுள் மிகுதியாக 243 ரன் குவித்தார். பட்டியலில் பேரும் திரும்பியது. வெளியே தள்ளப்பட்டவன் உள்ளே வரும் வழி ஆட்டத்தின் வழியே.

ஆகவே, பெரியோர்களே, நாம் செய்யத்தக்கவை சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, காகிதம். குமாஸ்தா என்பதால் எனக்கு இது கண்ணில் படுகிறது. இங்குள்ள விண்ணப்பத்தில் சொந்தப் பேர், தந்தை பேர், குடும்பப் பேர் என்று மூன்று கட்டங்கள் உள்ளன. நம் பிள்ளைக்கோ ஒரு பேரும் ஒரு முதலெழுத்தும்தான். பள்ளிச் சான்றில் ஒரு விதம், பிறப்புச் சான்றில் வேறு விதம், ஆதாரில் மூன்றாவது விதம். வயது வரம்புள்ள ஆட்டங்களில் இந்த ஒரு குழப்பமே பையனை வெளியே நிறுத்தப் போதும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் அமர்ந்து இவற்றைச் சரிசெய்து கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். இன்னும் இருவர் சேர்ந்தால் நலம்.

இரண்டாவது, துணை. தேர்வு நாளன்று கூலியை விட்டுவிட்டு வர இயலாத தந்தைக்குப் பதிலாக, நம்மில் ஒருவர் பிள்ளையை ஆசாத் மைதானத்துக்கோ சிவாஜி பார்க்குக்கோ அழைத்துச் செல்ல வேண்டும். பெண்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, நம் உள்ளம். தமிழன் என்பதற்காக நம் பிள்ளைக்கு இடம் கேட்டோமானால், பாலுவுக்குத் தலைமையை மறுத்தவர்களின் தராசையே நாமும் தூக்குகிறோம் என்று பொருள். ஓட்டக் கணக்கையும் விக்கெட் கணக்கையும் காட்டிக் கேட்போம். நம் சங்கத்துச் சிறுவர் அணியைத் தேர்ந்தெடுக்கும்போதும், எந்தத் தெரு, எந்தச் சாதி, யார் மகன் என்று பாராமல் ஆட்டத்தை மட்டும் பார்ப்போம். வெளியே நீதி கேட்பவன் வீட்டில் மண் குவளையை வைத்திருக்கலாகாது.

இப்படிச் செய்தால், இம்மண்ணில் ஆடப் பழகிய நம் பிள்ளைகள் மும்பையின் சட்டையையும், அதற்கப்பால் இந்தியாவின் சட்டையையும் தலை நிமிர்ந்து கேட்பார்கள். கிடைத்தால் நாடு மகிழட்டும். கிடைக்காவிட்டாலும் கேட்டோம், ஆடினோம் என்ற நிறைவு அவர்களுக்கு இருக்கும்.

வாழ்க சங்கம்! வளர்க நம் இளைஞர்!