எனுமரேட்: எண்ற வேலையை லூப்கிட்டயே விட்டுடுங்க

இன்னைக்கு ஒரு குட்டி விஷயம். பைத்தான்ல ஃபார் லூப் ஓடும்போது, எத்தனையாவது ஐட்டத்துல நிக்கிறோம்னு எப்படிக் கணக்கு வைக்கிறது?

காலேஜ்ல சி படிச்சுட்டு வர்ற பலரும் முதல்ல எழுதறது இதுதான்: லூப்புக்கு மேல ஐ ஈக்வல் டு ஜீரோ, உள்ள கடைசி வரியில ஐ பிளஸ் ஈக்வல் டு ஒன். எழுதின அன்னைக்கு ஒழுங்கா ஓடும்.

நான் முன்னாடி வேலை பார்த்த இடத்துல, சம்பளப் பட்டியலை சிஎஸ்வி ஃபைலா வாங்கி பேங்குக்கு அனுப்புற ஸ்கிரிப்ட் ஒண்ணு இருந்தது. அக்கவுண்ட் நம்பர் தப்பா இருந்தா, எந்த வரின்னு மெசேஜ் வரும். அப்புறம் யாரோ, காலி வரி வந்தா கன்டினியூன்னு நடுவுல சேர்த்துட்டாங்க. கன்டினியூ போட்டா கீழ இருக்கிற பிளஸ் ஒன் ஓடாதே! ஒரு மாசம் ஃபைல்ல ரெண்டு காலி வரி. தப்பு இருக்கிறது 216-ல, மெசேஜ் சொல்றது 214. அக்கவுண்ட்ஸ் அக்கா 214-ஐ எத்தனை தடவை பார்த்தாலும் அது சரியாத்தான் இருக்கு. 216-ல இருந்தவருக்கு சம்பளம் ரெண்டு நாள் லேட்டு. புரோகிராம் ஒரு எரர் கூடக் காட்டல, அதான் கொடுமை.

இதுக்குத்தான் எனுமரேட். ரேமண்ட் ஹெட்டிங்கர் 2002-ல பெப் 279-ல முன்வெச்சது, 2003-ல பைத்தான் 2.3-ல வந்தது. ஒவ்வொரு சுத்துலயும் எண்ணையும் ஐட்டத்தையும் ஜோடியா கொடுக்கும். நடுவுல நூறு கன்டினியூ இருந்தாலும் எண் நழுவாது. எக்செல் மாதிரி 1-ல ஆரம்பிக்கணுமா? ஸ்டார்ட் ஈக்வல் டு 1. (ரேஞ்ச், லென் போடற ஆளுங்களே, உங்க எண்ணும் நழுவாது, ஒத்துக்கறேன். ஆனா ஃபைலை நேரா லூப் பண்ணும்போது லென் வேலைக்கு ஆகாது.)

ஒண்ணு மட்டும் கவனிங்க. எனுமரேட் தன் கைக்கு வர்றதைத்தான் எண்ணும். சிஎஸ்வி மாட்யூலோட டிக்ட்ரீடர், கமா கூட இல்லாத காலி வரியைச் சத்தமில்லாம விழுங்கிடும். அது மேல எனுமரேட் போட்டா மறுபடி அதே 214 கதைதான். சாதாரண ரீடர் அந்த வரியைக் காலி லிஸ்டா கொடுக்கும், அதுல நம்பர் பொருந்தும்.

எத்தனை பேருக்குப் பணம் போச்சுங்கறது வேற கணக்கு. அதுக்குத் தனி வேரியபிள் வெச்சு, பணம் போன இடத்துலயே கூட்டுங்க. ரெண்டையும் ஒரே ஐ-ல அடைச்சா அக்கா மறுபடி போன் பண்ணுவாங்க.

கோடு ஷோ நோட்ஸ்ல இருக்கு. நடுவுல ரெண்டு காலி வரி போட்டு ஓட்டிப் பாருங்க.