ஜவ்வாது மலையில் ஓர் இரவு
(சங்க இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற தைத் திங்களில் நம் சங்கத்து இளைஞர் 18 பேரை ஜவ்வாது மலைக்கு அழைத்துச் சென்று, ஓர் இரவு தங்கி மீண்டோம். அதுபற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தனர். பிறர் பெற்ற பிள்ளைகளை இருளில் மலைமேல் வைத்திருத்தல் எளிய பொறுப்பன்று. “வீட்டில் இல்லாதது அங்கே என்ன இருக்கிறது, ஐயா?” என்று தாய்மார் சிலர் எம்மை வினவினர். அவர் அச்சம் முறையானதே. 2018-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தேனி மாவட்டத்துக் குரங்கணியிற் காட்டுத்தீயிற் சிக்கி 23 பேர் மாண்டனர் அன்றோ? அதன் பின்னரே மலையேற்றத்திற்கென அரசு தனி விதிகளை வகுத்தது.

ஆதலின் மாசி முதல் ஆனி வரை யாம் மலையை நினைப்பதேயில்லை. காய்ந்த புல் ஒரு பொறிக்குக் காத்திருக்கும் காலம் அது. தையில் குளிர் ஒன்றே வருத்தும். காப்புக்காட்டினுள் அடிவையாது, ஜமுனாமரத்தூரை அடுத்த சிற்றூர் ஒன்றில், ஊர்ப் பெரியவரிடம் முன்னதாகவே சென்று இசைவு பெற்று, அறுவடை முடிந்த சாமைக் கொல்லையிற் கூடாரம் இட்டோம்.

இத்தகைய பயணத்திற்கு வழிகாட்டும் நூல் எது என்று கேட்பார்க்கு யாம் சொல்வது மலைபடுகடாம். தமிழாசிரியன் வேறு எதைச் சொல்வான் என்று நீவிர் நகைக்கலாம். பெருங்கௌசிகனார் பாடிய அப்பாட்டின் தலைவனாகிய நன்னனது செங்கண்மா, இம்மலையடியில் உள்ள இன்றைய செங்கமே. அவனது நவிரமலை இத்தொடரை அடுத்த பருவதமலை என்பர். அதிற் கூறப்படும் சேயாறு இம்மலையிலேதான் பிறக்கின்றது. தேர்வுக்காக அதனைக் கற்பிக்கும்போது நன்னனது கொடையைப் பேசி முடித்துவிடுகிறோம். வழிநடைக்குரிய செய்திகளோ அதில் நிரம்ப உள. பன்றிக்கு வைத்த பொறியைப் பார்த்துச் செல்க, வழுக்கு நிலத்திற் கோரைத் தண்டைப் பற்றி நடக்க, இருட்டினால் குகையில் தங்கி விடியலிற் புறப்படுக என்றெல்லாம் கூத்தர்க்குச் சொல்லப்படுகின்றது. இவற்றுள் எம் உள்ளத்தைக் கவர்ந்தது ஒன்று. வழி பிரியும் சந்திகளிற் புல்லை முடிந்து வைத்துச் செல்லுமாறு புலவர் கூறுகின்றார். பின்னே வருவோர் மயங்காதிருத்தற்பொருட்டு. 1907-இல் இங்கிலாந்தின் பிரௌன்சித் தீவில் சுமார் 20 சிறுவரைக் கொண்டு பேடன் பவல் முதற் பாசறை நடத்தித் தொடங்கிய சாரணர் இயக்கத்தில், இன்றும் புல்முடிச்சு வழிக்குறிகளுள் ஒன்றாகும்.

இதனை வாயாற் சொல்லாது செய்வித்தோம். இளைஞரை இரு கூறாக்கி, முற்கூட்டத்தார் ஒவ்வொரு கவரிலும் புல் முடிந்து செல்ல ஏற்பாடு. பிற்கூட்டத்தில் ஒருவனுக்குச் செருப்பின் வார் அறுந்தது, அவர்கள் பின்தங்கினர். பொழுது சாய்ந்தது. முன்வந்தவர் முகத்தில் அப்போதுதான் கவலை தோன்றிற்று. “நான் மூன்றாம் கவரில் ஒழுங்காக முடிந்தேனா, ஐயா?” என்று ஒருவன் எம்மிடம் பன்முறை கேட்டான். வீட்டில் தம்பிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடாதவன் அவன்! வழி தவறியோர் பாறைமேல் ஏறி இசைக்கருவிகளை முழக்கினால் கானவர் கேட்டு வந்து உதவுவர் என்பதும் அப்பாட்டிலேயே உண்டு. எம்மிடம் இருந்தது ஊதுகுழல் ஒன்றே, அதனை ஊதினோம். அதன் ஒலி கேட்டு ஊரார் இருவர் விளக்கோடு இறங்கிச் சென்றனர். புல்முடிச்சுக்களைப் பார்த்தே ஏறி வந்துகொண்டிருந்த பிள்ளைகளைப் பாதிவழியிற் கண்டு அழைத்து வந்தனர்.

இரவு உணவு அவ்வூர் மலையாளிப் பழங்குடியினர் இல்லத்தில் ஆக்கிய சாமைச்சோறும் அவரைக் குழம்பும். மூட்டையிற் போர்வையோடு வீட்டுப் பழக்கங்கள் சிலவும் வந்துவிடுகின்றன போலும், ஒருவன் இலையைத் தொடாது, “யார் சமைத்தது?” என்று மெல்லக் கேட்டான். யாம் விடை கூறவில்லை. அவன் எதிரில் அமர்ந்து உண்ணத் தொடங்கினோம். விளக்கெடுத்துச் சென்ற மூதாட்டியே பரிமாறினார். அவர் கையைச் சிறிது நேரம் பார்த்திருந்தவன், பின்னர் இருமுறை சோறு கேட்டு வாங்கினான். இங்குள்ள பெரியோர் சிலர்க்கு இச்செய்தி உவப்பாயிராது என்பதை அறிவோம். அறிந்தே சொல்கிறோம். நும் சொந்த வீடு போலப் புகுக என்று அம்மலைச் சிற்றூர்களைக் குறித்தன்றோ பெருங்கௌசிகனார் கூத்தர்க்குக் கூறினார்!

உணவுக்குப்பின் தீயை நீர்விட்டு அவித்து, சாம்பலைக் கையால் தொட்டுப் பார்க்கச் செய்தோம். விளக்கும் அணைந்தபின் விண்மீன்கள் தோன்றிய தோற்றம் சொல்லுந்தரமன்று. வானியலறிஞர் வைணு பாப்பு 1960-களில் இம்மலையின் காவலூரைத் தெரிந்தெடுத்தது இவ்விருளுக்காகவே. அங்குள்ள 234 செ.மீ. தொலைநோக்கி 1986-இல் தொடங்கப்பெற்றது. அவ்வானாய்வகம் அன்றுமுதல் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. எம் மாணாக்கர் வெறுங்கண்ணாற் கார்த்திகை மீன்களை எண்ணிப் பூசலிட்டனர். ஆறு என்றனர் சிலர், ஏழு என்றனர் சிலர். யாம் நள்ளிரவில் எண்ணியது தலைகளை, 18 இருந்தன.

வரும் தையிலும் செல்லக் கருதியுள்ளோம். பெண்மக்களையும் அனுப்ப இசைவோர், உடன்வரும் தாய்மார் மூவரேனும் இருப்பின், கார்த்திகை முடிவுக்குள் பெயர் தருக. போர்வை இரண்டு, வார் உறுதியான செருப்பு, ஓர் ஊதுகுழல் ஆகியன வேண்டும். கைப்பேசி ஆசிரியர் பையில் இருக்கும்.