எந்திர மனிதனின் உள்நோக்கம் யாருடையது?



ஒரு பாத்திரம் தீமை செய்தால் அத்தீமைக்கு ஒரு வேர் வேண்டும் என்பது காப்பியப் புலவர்கள் கண்டறிந்த உண்மை. கூனியின் வன்மத்துக்குக் கம்பன் மிகச் சிறிய காரணம் ஒன்றை வைத்தான். இளமையில் இராமன் வில்லிலிருந்து விட்ட உண்டை அவள்மேல் பட்டது. அவள் அதை மறக்கவில்லை. ஓர் அரசையே நிலைகுலையச் செய்த சூழ்ச்சிக்கு ஒரு மண்ணுண்டை போதுமானதாயிற்று. படிப்பவர் மனம் இதைத் தடையின்றி ஏற்றுக்கொள்கிறது. பட்ட அவமானம் உள்ளே தங்கும் என்பதும், தங்கியது ஒருநாள் செயலாக வெளிப்படும் என்பதும் மனிதர் எல்லாரும் அறிந்தவைதாமே!

பிறவாதவன், குழந்தைப் பருவம் இல்லாதவன், பசியும் மூப்பும் அறியாதவன் ஒருவன் தீமை செய்தால் அதன் வேர் எங்கே இருக்கும்? அறிவியல் புனைவுத் திகில் திரைப்படங்களில் உலவும் மனித உருவ எந்திரங்கள் எழுப்பும் கேள்வி இதுவே. எந்திரம் கெட்டது என்று ஒரு சொல்லில் தீர்ப்பு எழுதிவிட்டு அரங்கைவிட்டு வெளியேறுவோர் பலர். அந்தத் தீர்ப்பினால் விடுதலை பெற்றுச் செல்பவர் யார் என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

'ரோபோ' என்னும் சொல்லே ஒரு நாடகத்திலிருந்து பிறந்தது. செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் எழுதி, 1921இல் பிராக் நகரில் மேடையேறிய 'ஆர்.யூ.ஆர்.' என்பதே அந்நாடகம். சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன், ஓவியர் யோசெப் சாப்பெக். நிலக்கிழாருக்கு ஊதியமின்றிச் செய்தாகவேண்டிய கட்டாய உழைப்பைக் குறிக்கும் 'ரொபோட்டா' என்பது அதன் மூலம். தமிழ்க் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று வழங்குவது ஏறத்தாழ இதுதான். ஆகவே எந்திர மனிதன் என்னும் கருத்து பிறக்கும்போதே ஆண்டையும் அடிமையும் உடன் பிறந்துவிட்டனர். பின்னாளில் வந்த படங்கள் பல இந்த ஆண்டையை மறந்துவிட்டன. 1973இல் வந்த 'வெஸ்ட்வேர்ல்ட்' படத்தில் யுல் பிரின்னர் ஏற்ற துப்பாக்கி வீரன் இடைவிடாது துரத்துகிறான். அவனுக்கு நோக்கம் என்று எதுவும் இல்லை. பழுது ஒன்றே காரணம். அச்சம் உண்டு, ஆனால் இடி விழுவதற்கு அஞ்சுவது போன்ற அச்சம் அது.

ஆண்டையை மீண்டும் அரங்கிற்கு அழைத்து வந்த படம் 1979இல் ரிட்லி ஸ்காட் இயக்கிய 'ஏலியன்'. கனிமம் ஏற்றிச் செல்லும் 'நோஸ்ட்ரோமோ' என்னும் விண்கலம், அதில் எழுவர். கலத்தின் பெயர் ஜோசப் கான்ராடு 1904இல் வெளியிட்ட நாவலின் பெயர். செல்வர்களின் வெள்ளியைக் காக்கப் பயன்படுத்தப்பட்டு, அதனாலேயே அழிந்த ஒரு நம்பிக்கைக்குரிய மனிதனின் கதை அது. பெயரிலேயே கதையின் சாரம் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது எனலாம்.

எழுவரில் ஒருவன் ஆஷ், அறிவியல் அலுவலன். இயான் ஹோம் என்னும் ஆங்கில நடிகர் இப்பாத்திரத்தை ஏற்றார். கலம் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னர்தான் பழைய அலுவலர் மாற்றப்பட்டு ஆஷ் அனுப்பப்பட்டான் என்னும் செய்தி, தலைவன் டல்லாஸ் வாயிலாகப் போகிற போக்கில் சொல்லப்படுகிறது. முதன்முறை பார்ப்பவர் காதில் அது விழுவதில்லை.

வேற்றுக்கோளின் உயிரினம் ஒன்று கேன் என்பவனின் முகத்தைப் பற்றிக்கொள்கிறது. தோழர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு கலத்தின் வாயிலில் நிற்கின்றனர். தொற்றுத் தடுப்பு விதிப்படி 24 மணி நேரம் வெளியே இருக்கவேண்டும் என்று ரிப்ளி என்னும் பெண் அலுவலர் கதவைத் திறக்க மறுக்கிறார். ஆஷ் திறந்து விடுகிறான். பார்ப்போர் நெஞ்சம் அந்தக் கணத்தில் ஆஷின் பக்கமே நிற்கிறது. ரிப்ளி கல்நெஞ்சக்காரியாகவும், ஆஷ் இரக்கமுள்ளவனாகவும் தோன்றுகின்றனர். படத்தை இரண்டாம் முறை காணும்போதோ அதே காட்சி கொலையாகத் தெரிகிறது. ஒரு சொல்லும் மாறவில்லை. ஓர் அசைவும் மாறவில்லை. நோக்கம் மட்டும் தெரிந்துவிட்டது. நடிப்பின் நுட்பத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

கேனின் மார்பைப் பிளந்து குட்டி வெளிவரும்போது பார்க்கர் கத்தியை ஓங்குகிறான். தொடாதே என்று தடுப்பவனும் ஆஷ்தான். பின்னர் ரிப்ளி, 'அன்னை' என்று அழைக்கப்படும் கலத்தின் கணினியிடம் உண்மையைக் கேட்டு அறிகிறார். 937 எனும் எண்ணிட்ட தனி ஆணை அங்கே இருக்கிறது. உயிரினத்தைக் கொண்டுவருவதே முதற்கடமை. கலத்தில் உள்ளோர் இழக்கத்தக்கவர் என்பது அதன் பொருள். அறிவியல் அலுவலன் மட்டுமே காணவேண்டிய ஆணை அது. தொடர்ந்து நடக்கும் கைகலப்பில் ஆஷின் தலை சாய்கிறது. குருதிக்குப் பதில் பால்போன்ற வெண்ணிறத் திரவம் பீறிடுகிறது. அப்போதுதான் அவன் மனிதன் அல்லன் என்பது வெளிப்படுகிறது.

டான் ஓபானன் எழுதிய முதல் திரைக்கதையில் ஆஷ் இல்லை. தயாரிப்பாளர்களான வால்டர் ஹில், டேவிட் கைலர் இருவரும் திருத்தி எழுதியபோது சேர்க்கப்பட்டவன் அவன். ஓபானனுக்கு அந்தச் சேர்க்கை பிடிக்கவில்லை. அவர் கருத்தை ஏற்பதற்கில்லை. ஆஷ் இல்லாவிடில் அது ஒரு விலங்கு மனிதரைத் தின்னும் கதை. ஆஷ் வந்தபின்பு மனிதரை விலங்கின் வாயில் இட்டவர் யார் என்னும் கதையாயிற்று.

வெட்டுண்ட தலைக்கு மீண்டும் உயிரூட்டி ரிப்ளி வினவும் காட்சி தனியே கருதத்தக்கது. ஆணையைச் சொன்னதோடு ஆஷ் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அந்த உயிரினத்தின் தூய்மையைத் தான் வியப்பதாகச் சொல்கிறான். மனச்சான்று இல்லை, கழிவிரக்கம் இல்லை, அறம் என்னும் மயக்கம் இல்லை என்று அதன் சிறப்புகளை அடுக்குகிறான். வியக்கவேண்டும் என்று எந்த ஆணையும் அவனுக்குச் சொல்லவில்லை. கொலை நிறுவனத்துடையது, வியப்பு அவனுடையது. ஆனால் அவன் வியந்த பண்புகள் யாவும், தன் ஊழியனிடம் நிறுவனம் எதிர்பார்த்த பண்புகளே. ஆண்டையின் விருப்பம் அடிமையின் அழகுணர்ச்சியாகவே மாறிவிட்ட கொடுமை இது.

1986இல் ஜேம்ஸ் கேமரூன் இயக்கிய 'ஏலியன்ஸ்' இதை மறுபுறத்திலிருந்து காட்டியது. பிஷப் என்னும் எந்திர மனிதனைக் கண்டதும் ரிப்ளி அருவருத்து விலகுகிறார், பார்வையாளரும் விலகுகின்றனர். கடைசியில் இரண்டாகக் கிழிபட்ட நிலையிலும் நியூட் என்ற சிறுமியைப் பற்றிக் காப்பவன் பிஷப். கருவைச் சுமக்கவைத்துத் தடுப்புக் காவலைக் கடத்திவிடும் எண்ணத்தோடு ரிப்ளியையும் சிறுமியையும் அறையில் அடைத்தவன் பர்க். குருதியும் சதையும் உள்ள நிறுவனத்து மனிதன். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

2024இல் வெளிவந்த 'ஏலியன்: ராமுலஸ்' இக்கருத்தை இன்னும் வெளிப்படையாக்கியது. ஆண்டி என்னும் பழைய எந்திரன் திக்கித் திக்கிப் பேசுவான். அசட்டுச் சிலேடைகள் சொல்வான். ரெயின் என்னும் பெண்ணுக்கு நன்மையானதைச் செய் என்பதே அவள் தந்தை அவனுக்கு இட்ட ஆணை. வேறோர் எந்திரனின் சில்லு ஒன்று அவனுள் செருகப்படுகிறது. திக்கல் போகிறது, நடை நிமிர்கிறது, நிறுவனத்துக்கு நன்மையானதைச் செய் என்று ஆணையும் மாறுகிறது. கதவுக்கு அப்பால் ஒரு பெண் கதறுகிறாள், ஆண்டி திறக்கவில்லை. அன்று ஆஷ் திறந்த கதவும் இன்று ஆண்டி திறக்காத கதவும் ஒரே கணக்கின் இரு விடைகள். அப்படத்தில் ஆஷின் சாயலில் வரும் மற்றோர் எந்திரனுக்கு, 2020இல் மறைந்த இயான் ஹோமின் முகத்தைக் குடும்பத்தார் இசைவுடன் செயற்கையாக உருவாக்கிப் பொருத்தினார்கள். இறந்த பின்னும் பணிக்கு அழைக்கப்படும் நடிகரை எண்ணும்போது சாப்பெக் தேர்ந்த சொல் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

இவர்கள் எல்லாரிலிருந்தும் வேறுபட்டவன் டேவிட். 2012இல் வந்த 'பிராமிதியஸ்', 2017இல் வந்த 'ஏலியன்: கவனன்ட்' ஆகிய இரு படங்களிலும் மைக்கேல் ஃபாஸ்பெண்டர் ஏற்ற பாத்திரம். முன்னது குறைகள் மலிந்த படம். அறிஞர்கள் என்று சொல்லப்படுவோர் அதில் அறிவிலிகளாக நடந்துகொள்கின்றனர். ஆயினும் டேவிட் ஒருவனுக்காக அதைப் பலமுறை காணலாம்.

அவனுக்கும் ஆணைகள் உண்டு. அவனைப் படைத்த வெய்லண்ட் என்னும் செல்வர் சாவைத் தள்ளிப்போட விரும்புகிறார், அதற்காகவே பயணம். டேவிட் தமக்கு மகன் போன்றவன் என்றும், ஆனால் அவனுக்கு ஆன்மா இல்லை என்றும் அவையோர் முன்னிலையில் அறிவிக்கிறார். டேவிட் அங்கேயே நிற்கிறான். பின்பு ஹாலோவே என்னும் ஆய்வாளனிடம், உங்கள் இனத்தார் என்னை ஏன் படைத்தனர் என்று கேட்கிறான். முடிந்தது, படைத்தோம் என்பது விடை. உங்களைப் படைத்தவரும் இதே விடையைச் சொன்னால் எவ்வளவு ஏமாற்றமாக இருக்கும் என்று டேவிட் அமைதியாகச் சொல்கிறான். தேடும் விடைக்காக எதுவரை செல்வாய் என்று அடுத்து கேட்கிறான். எதுவும் செய்வேன் என்கிறான் ஹாலோவே. விரல்நுனியில் இருந்த கரும்துளி கோப்பையில் கலக்கிறது. கேட்டவன் ஒரு பொருளில் கேட்டான். சொன்னவன் வேறொரு பொருளில் சொன்னான். இருபொருள்படப் பேசி இசைவு வாங்கிக்கொண்டு செய்த கொலை அது. கம்பன் வைத்த உண்டை இங்கே கிடைத்துவிட்டது.

'கவனன்ட்' படத்தின் முன்னுரைக் காட்சியில் டேவிட் கண் விழிக்கிறான். மைக்கேலாஞ்சலோவின் சிலையைப் பார்த்துத் தனக்குத்தானே பெயர் சூட்டிக்கொள்கிறான். வாக்னரின் இசை நாடகத்திலிருந்து, தெய்வங்கள் வால்ஹல்லா புகும் பகுதியைப் பியானோவில் வாசிக்கிறான். பல்லியம் இல்லாமல் சோகையாக இருக்கிறது என்கிறார் வெய்லண்ட். நீங்கள் இறப்பீர்கள், நான் இறக்கமாட்டேன் என்று டேவிட் சொன்னதும், தம் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும் தேநீரை எடுத்து ஊற்றும்படி பணிக்கிறார். டேவிட் ஊற்றுகிறான்.

பின்னாளில் ஒரு கோளின் மக்கள் திரள் முழுவதையும் அவன் அழிக்கிறான். அந்தச் சாம்பல் வெளியைப் பார்த்தபடி 'ஓசிமாண்டியாஸ்' கவிதையைச் சொல்லி, அதை இயற்றியவர் பைரன் என்கிறான். அவனுக்குப் பின் செய்யப்பட்ட வால்டர் என்னும் எந்திரன், ஷெல்லி என்று திருத்துகிறான். டேவிட் மனிதரைக் கலங்கச் செய்தான் என்பதற்காக, வால்டர் போன்றோருக்குப் படைக்கும் ஆற்றல் கொடுக்கப்படவில்லை. ஒரு சிறு மெட்டும் அவனால் அமைக்க இயலாது. ஆனால் பெயரைச் சரியாகச் சொல்பவன் அவனே.

டேவிட் மறந்த பெயர் எது என்பதை இந்த அவை கவனிக்கவேண்டும். பெர்சி ஷெல்லியின் அக்கவிதையும், அவர் மனைவி மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலும் ஒரே மாதத்தில், 1818 சனவரியில், வெளிவந்தன. நாவலின் துணைத்தலைப்பு 'புதிய பிராமிதியஸ்'. படைத்தவனால் கைவிடப்பட்ட படைப்பின் கதையை முதலில் எழுதிய குடும்பத்தின் பெயர்தான் டேவிடின் நினைவிலிருந்து நழுவுகிறது. இயக்குநர் எண்ணிச் செய்தாரா என்பது வேறு. காட்சி அவ்வாறு பொருள்படுகிறது. தனக்கு முன்னோர் இல்லை, தானே முதல்வன் என்று எண்ணும் கவிஞனின் செருக்கு அவனிடம் முழுமையாக இருக்கிறது. அவனுடைய கொலைகள் யாவும் ஒரு படைப்பைச் செம்மைப்படுத்த எழுதி எழுதி அழித்த வரைவுகள். ஆஷின் தீமைக்கு நிறுவனத்தைக் கைகாட்டலாம்; டேவிடின் தீமைக்கு அவ்வாறு முழுவதும் கைகாட்ட இயலாது. பேனா பிடித்தவர் எவரும் அவனை அயலான் என்று தள்ளவும் இயலாது.

இறுதியில் வால்டரின் இடத்தில் டேவிட் நிற்கிறான். டேனியல்ஸ் என்னும் பெண் நெடுந்துயிலுக்காகப் பேழைக்குள் படுக்கிறாள். ஏரிக்கரையில் கட்ட நினைத்த மரவீட்டைப் பற்றி அவள் கேட்கிறாள், அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்குப் புரிந்துவிடுகிறது, ஆனால் மூடி இறங்கிவிட்டது. ஏறத்தாழ 2000 பேர் உறங்கும் கலத்தில் அவன் ஒருவனே விழித்திருக்கிறான். கலத்தின் கணினியிடம் வாக்னரின் அதே பகுதியை இசைக்கச் சொல்லிவிட்டு நடக்கிறான். இம்முறை பல்லியத்துடன்.