பழைய ஆலயமும் பூமி அதிர்ச்சியும்

(ஜூபிலி ஆயத்தக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி என்றதும் நம் உள்ளங்களில் எழும் முதற் கேள்வி, "ஆலயத்துக்கு என்ன செய்யப் போகிறோம்?" என்பதே. நம் பங்கில் இரண்டு கருத்துகள் உலவுகின்றன. பழைய கோயிலின்மேல் கான்கிரீட் தளம் போட்டு, முகப்பில் உயர்ந்த மணிக்கூண்டு எழுப்ப வேண்டும் என்பர் சிலர். பழையதை இடித்துவிட்டுப் புதிதாகவே கட்டுவோம் என்பர் வேறு சிலர். இரு சாராரும் ஆலயத்தின்மேல் கொண்ட அன்பினாலேயே பேசுகின்றனர். ஆயினும் இவ்விரண்டுக்கும் முன்னர் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பூமி அசைந்தால் இந்தச் சுவர்கள் தாங்குமா?

"சென்னைக்குப் பூகம்பமா?" என்று நீங்கள் வியக்கக்கூடும். 1900 பிப்ரவரி 8-ஆம் நாள் கோவைப் பகுதியில் ஏறக்குறைய 6 அளவுள்ள நிலநடுக்கம் உண்டாயிற்று. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் 5.5 அளவில் நேர்ந்த அதிர்ச்சியைச் சென்னை மக்கள் நன்றாகவே உணர்ந்தனர். இந்தியத் தரநிர்ணய அமைப்பு 2002-இல் வெளியிட்ட வரைபடம் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது. நம் முன்னோர் கோயில் கட்டிய காலத்தில் இத்தகைய கணக்கு ஏதும் இருக்கவில்லை.

மேலும், ஊருக்கு ஊர் மண் வேறு. பரங்கிமலையில் 1523-இல் எழுந்த ஆலயம் பாறைமேல் நிற்கிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் ஏரிகளும் வயல்களும் களிமண்ணும் நிறைந்த பூமி. இளகிய மண் அதிர்ச்சியைப் பெருக்கிக் காட்டும். 1985-இல் நடுக்கத்தின் மையத்திலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த மெக்சிகோ நகரம் சீரழிந்ததற்குக் காரணம், அது பழைய ஏரிப் படுகைமேல் கட்டப்பட்டிருந்ததே. பாறைமேலும் மணல்மேலும் வீடு கட்டிய இருவரைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமை, கொத்தனாருக்கும் நல்ல பாடமன்றோ!

இனி, கட்டடத்தைக் கவனிப்போம். செங்கல்லும் சுண்ணாம்பும் பாரத்தைத் தாங்கும். ஆனால் இழுவையைத் தாங்கா. வீடென்றால் அறைக்கு அறை குறுக்குச் சுவர் உண்டு. கோயிலுக்கோ நீண்டு உயர்ந்த இரண்டு பக்கச் சுவர்களே. நடுவில் பிடிப்பு இல்லை. ஆகவே அதிர்ச்சியில் அவை வெளிப்புறமாகச் சாயும். முகப்பின் உச்சியிலுள்ள முக்கோணச் சுவர் முன்னால் விழும். கோபுரமும் கோயிலும் வெவ்வேறு விதமாக ஆடுவதால், சேருமிடத்தில் வெடிக்கும். இத்தாலிய அறிஞர்கள் ஆலயங்கள் உடையும் விதங்களை 28 என வகுத்து, ஒவ்வோர் ஆலயத்தையும் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுச் சோதிக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய பகை தலைப்பாரம். பேருந்து திடீரென நிற்கும்போது வெறுங்கையோடு நிற்பவர் சமாளித்துக்கொள்வார். தலையில் கூடை சுமப்பவர் விழுவார். கட்டடமும் அப்படியே. 1997 செப்டம்பர் 26 அன்று அசிசி நகரில் புனித பிரான்சிஸ் பேராலயத்தின் வளைகூரை இடிந்து, முந்தைய அதிர்ச்சியின் சேதத்தைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தோரில் நால்வர் மாண்டனர். பல நூற்றாண்டுகளாகக் கூரையைப் பழுதுபார்த்தபோது விழுந்த உடைந்த ஓடும் இடிபாடும் அந்த வளைகூரையின்மேல் தேங்கிக் கிடந்தன. அந்தப் பாரமும் அழிவுக்கு ஒரு காரணம் என்று ஆராய்ந்தோர் கண்டனர்.

இதைக் கேட்டதும் நம் மெட்ராஸ் டெரஸ் கூரை நினைவுக்கு வரவில்லையா? தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல், அதன்மேல் சுண்ணாம்பு ஜல்லி, அதன்மேல் தட்டோடு. ஒழுகும்போதெல்லாம் பழையதை எடுக்காமல் அதன்மேலேயே இன்னொரு பூச்சு போடுவது நம் வழக்கம். கீழே மழைநீர் இறங்கி, சுவருக்குள் இருக்கும் உத்தர முனை உளுத்துப்போகிறது. மேலே பாரமோ ஏறிக்கொண்டே போகிறது. இதன்மேல் கான்கிரீட் தளமும் ஏற்றினால் என்ன ஆகும்? 1997-இல் அந்த இத்தாலிய வட்டாரத்திலேயே, "பலப்படுத்துகிறோம்" என்று கனத்த கான்கிரீட் கூரை ஏற்றிய பழைய கல் வீடுகள் பல நொறுங்கின.

"அப்படியானால் இடித்துவிடலாமே" என்பீர்கள். புதியது என்பதனாலேயே ஒரு கட்டடம் பத்திரமாகிவிடாது. 2001 ஜனவரி 26 குஜராத் பூகம்பத்தில், மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அகமதாபாத்தில், கீழ்த்தளத்தை வாகனங்களுக்கெனத் திறந்து விட்டிருந்த புதிய அடுக்குமாடிகள் பல சரிந்தன. பழுது கட்டடத்தின் வயதில் இல்லை, கட்டுக்கோப்பில் இருக்கிறது.

எனவே விழாக்குழுவிடம் நாம் வேண்டுவது இதுதான். திரட்டிய நிதியின் முதற்பங்கு சோதனைக்குச் செலவாகட்டும். பழைய கட்டடங்களை அறிந்த பொறியாளர் சுவரின் வெடிப்புகளையும், உத்தர முனைகளையும், அஸ்திவார மண்ணையும் பார்க்கட்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் பாரம்பரியக் கட்டடங்களின் பாதுகாப்பை ஆராயும் அறிஞர்கள் உண்டு. தேவையற்ற பூச்சுகளை இறக்கி, ஒழுக்கை அடைப்போம். சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு களைவோம். எதிரெதிர்ச் சுவர்களை இரும்புக் கம்பிகளால் பிணைத்து, உத்தரங்களைச் சுவரோடு பூட்டலாம். சுண்ணாம்புக் கட்டுக்குச் சுண்ணாம்பையே பூசுவோம். சிமெண்டுப் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். மணிக்கூண்டு வேண்டுமானால், கோயிலைத் தொடாமல், தனி அஸ்திவாரத்தில் தள்ளி நிற்கட்டும். சோதனை முடியும்வரை, ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகளை முகப்புச் சுவரின் கீழே உட்கார வைக்க வேண்டாம்.

"கடவுள் வீட்டைக் கடவுளே காப்பார்" என்று சிலர் சொல்வதுண்டு. 1755 நவம்பர் முதல் நாள், சகல புனிதர் திருநாள் காலையில், லிஸ்பன் நகரின் ஆலயங்களில் மக்கள் நிறைந்திருந்தபோதுதான் பூமி குலுங்கியது. சிலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரும் மற்றவரைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்று ஆண்டவரே தெளிவுபடுத்தினார். சுவர் விழுவது பாவத்தின் சம்பளமன்று. பெரும்பாலும் கவனிப்பின் குறைவு. நம்மை நம்பி ஞாயிறுதோறும் பிள்ளைகளோடு வருவோரின் உயிர், உயர்ந்த கோபுரத்தைவிட மேலானது.

வெளியே தெரியாத வேலைக்கு நிதி கொடுப்பது கடினம்தான். கம்பியில் யார் பெயரையும் பொறிக்க இயலாது. ஆனால் அடுத்த ஜூபிலியில் நம் பேரப்பிள்ளைகள் இதே சுவர்களுக்குள் கூடி நிற்பார்களானால், அதுவே நம் கல்வெட்டு.